டேவிஸ் கிண்ணத்தைக் கெடுத்தவள்

என் மனுசனுக்குச் சண்டையில் சொல்ல ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. குழம்பில் உப்புக் கூடினாலும் அதுதான், சைக்கிளுக்குக் காற்றுப் போனாலும் அதுதான், என் தம்பி வந்து நாலு நாள் கூட நின்றாலும் அதுதான்.

"உன்னைக் கட்டாமல் விட்டிருந்தா நான் இலங்கைக்கு டேவிஸ் கிண்ணம் விளையாடியிருப்பன்."

டேவிஸ் கிண்ணம் என்றால் என்னவென்று கலியாணம் முடிந்த மூன்றாம் நாளே எனக்கு வகுப்பு நடந்தது. ஆண்கள் விளையாடும் டென்னிஸ். ஆளுக்கு ஆள் அல்ல, நாட்டுக்கு நாடு. தனியாள் ஆட்டம் நாலு, சோடி ஆட்டம் ஒன்று. ஐந்தில் மூன்றை எடுத்த நாடு மேலே போகும், மற்றது வீட்டுக்குப் போகும். எந்த நாட்டில் ஆட்டமோ அந்த நாட்டுக்காரர்தான் தரை என்ன தரை என்று தீர்மானிப்பார்கள். சோற்றில் கோடு கீறி, முருங்கைக்காயை வலையாக வைத்து விளக்கினார். நல்ல மனுசன், நல்லாய்ச் சொல்லித்தருவார். கடைசியில் அந்த வசனத்தையும் சேர்த்துச் சொன்னதுதான் பிழை.

அவருடைய கதை இப்படி. திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் கிளார்க்காகச் சேர்ந்த காலத்தில், இங்கிலீஸ் நேவிக்காரரோடு விளையாடி விளையாடிக் கை தேறிவிட்டது. அவர்களில் ஒருவன் கொழும்புக்குச் சொல்ல, நாட்டின் அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. ஆனால் அந்த நாளுக்குள் எங்களுக்குப் பொன்னுருக்கு முடிந்துவிட்டது. தாலிக்குப் பொன் உருக்கினால் கலியாணம் முடியும்வரை மாப்பிள்ளையும் படி தாண்டக்கூடாது, பொம்பிளையும் படி தாண்டக்கூடாது. என் வீட்டார் மறித்தார்கள், அவர் வீட்டுக்குள் இருந்தார், இலங்கை தோற்றது. அதாவது என்னால் தோற்றது.

இதை வீட்டுக்குள் சொன்னால் பரவாயில்லை. ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். எங்கள் போஸ்ட்மாஸ்டர் ஊருக்குப் புதிதாக வரும் உத்தியோகத்தர்களுக்குக் கோணேசர் மலையைக் காட்டுவார், குடாவைக் காட்டுவார், பிறகு என்னைக் காட்டுவார். "டேவிஸ் கிண்ணம் விளையாட இருந்த மனுசன்ர பெண்சாதி இவதான்." கோயிலில் எனக்குப் பின்னால் நின்று "பாவம் அந்த மனுசன்" என்று பெருமூச்சு விட்ட பெண்களும் உண்டு. பாவமாம்! மூன்று வேளையும் சுடச்சுடத் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிற ஆளா பாவம்?

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அது உண்மையா பொய்யா என்று தெரியவேண்டும். உண்மையிலேயே அந்த மனுசன் பெரிய ஆட்டக்காரனாக இருந்தால் நான் கெடுத்தவள்தான், தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். இல்லையென்றால் பத்து வருஷமாக என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார். நேவிக்காரர் கப்பலேறிப் போனபிறகு அவரோடு விளையாட மிஞ்சியது போஸ்ட்மாஸ்டரும், மூச்சு வாங்கும் ஒரு ஆஸ்பத்திரி அப்போதிக்கரியும்தான். அவர்களை வெல்வதை வைத்துப் புலியா பூனையா என்று எப்படிச் சொல்வது?

அப்படியிருக்க ஒரு நாள் போஸ்ட்மாஸ்டர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். கொழும்பில் எங்கள் அணியோடு டேவிஸ் கிண்ணம் விளையாடி வென்ற வெளிநாட்டு அணி, ஊருக்குத் திரும்ப முன்னர் கடலில் குளிக்கத் திருகோணமலைக்கு வருகிறதாம். எந்த நாடு என்று நான் சொல்லமாட்டேன். விளையாட வந்த ஆளுக்கும் பிள்ளை குட்டி இருக்கும், நடந்ததை அவர்கள் அறிய வேண்டாம். அந்த அணியின் முதல் ஆட்டக்காரன் எங்கள் டென்னிஸ் கிளப்பில் ஒரே ஒரு செட் விளையாடச் சம்மதித்துவிட்டானாம்.

"எங்கட பக்கத்துக்கு ஆர்?" என்று கேட்டேன், தெரியாத மாதிரி.

"வேற ஆர், உங்கட ஆள்தான்!"

என் மனுசனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அன்று பின்னேரமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் விழுந்தார்.

"இஞ்சேர், எனக்கு வயித்துக்குள்ள ஏதோ செய்யுது. விளையாட ஏலாது போலக் கிடக்கு."

"ஓமத்தண்ணி தாறன், குடியுங்கோ. விளையாடத்தான் வேணும். நீங்கள் தோக்கவேணும் எண்டு அம்மனுக்குத் தேங்காயும் நேர்ந்திட்டன்."

"கட்டின பெண்சாதி கதைக்கிற கதையாடி இது?"

"பத்து வருஷமாக் கதைச்சது நீங்கள். நான் இண்டைக்குத்தான் வாய் திறக்கிறன்."

ஓமத்தண்ணியைக் குடித்தார். வேறு வழி?

அடுத்த நாள் போஸ்ட்மாஸ்டர் வீட்டு விறாந்தையில் கூட்டம். கிளப்பில் இருந்தது வெள்ளைக்காரன் போட்ட களிமண் தரை. கவனிப்பார் இல்லாமல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. வெடிப்புக்குள் பந்து போனால் ஓணான் வெளியே வரும். சீமெந்து போடலாமென்றார் ஒருவர், மணல் கொட்டலாமென்றார் இன்னொருவர். என் மனுசன் எழும்பி, தரையைத் தீர்மானிக்கிற உரிமை எங்களுடையதுதான் என்று டேவிஸ் கிண்ணச் சட்டத்தை எடுத்துவிட்டார். சட்டம் சரி, தரை எங்கே? எல்லோரும் முகட்டைப் பார்த்தார்கள். போஸ்ட்மாஸ்டரின் பெண்சாதிக்குக் கைகொடுக்கப் போயிருந்த நான் தேத்தண்ணியோடு குசினியிலிருந்து வந்தேன்.

"விருந்தாள் வாற வீட்டு முத்தத்தை என்ன செய்யிறனாங்கள்? சாணத்தால மெழுகிறதுதானே. வெடிப்பும் மூடும், பார்க்கவும் லெட்சணமா இருக்கும்."

ஆண்கள் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. படித்தவர்கள், இங்கிலீஸ் பேப்பர் வாசிக்கிறவர்கள். பந்து என்று ஒன்று உண்டு, அது நிலத்தில் பட்டு எழும்ப வேண்டும் என்று ஒருவருக்காவது தோன்றியதா? எனக்குந்தான் தோன்றவில்லை. ஆனால் நான் டென்னிஸ் விளையாடுகிறவள் அல்லவே.

கிண்ணியாவில் மாட்டுப்பட்டி வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் தோணி நிறையச் சாணம் அனுப்பினார். தோணி கரைக்கு வர முன்னரே வாசம் வந்தது. கிளப் வலை எலி அரித்துக் கிடந்ததால் சல்லி மீன்பிடிக் கிராமத்திலிருந்து மீன்வலை ஒன்று வந்தது. மெழுகும் வேலை பெண்களுக்கு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். வீட்டு முற்றத்துக்கு ஒரு பூச்சுப் போதும். வருகிறது வெளிநாட்டு விருந்தாள், கஞ்சத்தனம் பிடிக்கலாமா? ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கனக்கப் பூசினோம். வாசலில் நிறைகுடம் வைத்துக் குத்துவிளக்கும் ஏற்றினோம். யாரோ ஒருத்தி வலையடியில் கோலமும் போட்டுவிட்டாள். போஸ்ட்மாஸ்டர் அதைப் பார்த்து, "கோட்டுக்கு வெளியில எண்டால் பரவாயில்லை" என்றார்.

ஆட்டத்தன்று சனம் வேலி முறியும் அளவுக்கு வந்தது. போஸ்ட்மாஸ்டர் வாடகைக்கு ஒலிபெருக்கி எடுத்து, தான் பேசும் இங்கிலீஸையும் விருந்தாள் பேசும் இங்கிலீஸையும் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஆட்டக்காரன் வெள்ளைக் களிசான், வெள்ளைச் சப்பாத்து, பால் மாதிரி வந்து இறங்கினான். தரையைக் கால்விரலால் அமத்திப் பார்த்து ஏதோ கேட்டான்.

"இது என்ன தரை எண்டு கேட்கிறார்," என்று ஒலிபெருக்கி சொன்னது. பிறகு, "இது எங்கட பாரம்பரியத் தரை எண்டு நான் சொல்லியிருக்கிறன்."

ஆட்டம் தொடங்கியது. முதல் மூன்று கேமும் கண்மூடித் திறக்க முன்னர் அவன் எடுத்துவிட்டான். என் மனுசன் பந்தைத் தொட்டதாகவே தெரியவில்லை. பூனை! பூனையேதான்! எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. மடியில் இருந்த தேங்காயைத் தடவிக்கொண்டேன். கோயிலில் பெருமூச்சு விட்டவர்களில் ஒருத்தி எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்குக் கேட்கிற மாதிரி, "இதுக்குத்தானாம் நான் குறுக்க நிண்டனான்" என்றேன்.

வாயைத் திறந்திருக்கக்கூடாது. நாங்கள் கனக்கப் பூசிய சாணம் வெயிலுக்கு மேலே மட்டும்தான் காய்ந்திருந்தது, உள்ளே பச்சை. நாலாவது கேமில் விருந்தாள் ஓடிவந்து திரும்ப, மேல்படை உடைந்து, அவன் சறுக்கிக்கொண்டு மீன்வலைக்குள் போய் விழுந்தான். சல்லி ஆட்கள் இரண்டு பேர் பாய்ந்து பழக்கத்தில் வலையைச் சுருட்டப் பார்த்தார்கள். நல்லவேளை, மற்றவர்கள் மறித்தார்கள். அதற்குப் பிறகு பந்தும் எழும்பவில்லை. பொத்தென்று விழுந்து அந்த இடத்திலேயே கிடந்தது. அவன் பந்து எழும்பி வருமென்று மட்டையை ஓங்கிக்கொண்டு நிற்பான், பந்து வராது.

என் மனுசன் சப்பாத்தைக் கழற்றினார். களிசானை முழங்கால் வரை மடித்தார். மெழுகின ஈரத் தரையில் குதி ஊன்றாமல் விரலால் நடக்க எங்கள் வீடுகளில் தவழும் பிள்ளைக்கே தெரியும். வெறுங்காலோடு இறங்கி, பந்தை வலைக்கு அந்தப் பக்கம் மெல்ல மெல்லத் தட்டிவைத்தார். அடிக்கவே இல்லை, வைத்தார். மற்றவன் வழுக்கி வழுக்கி வந்து சேர்வதற்குள் பந்து சாணத்தில் படுத்திருக்கும். கேம் மேல் கேமாக விழுந்தது. சனம் விசர் பிடித்த மாதிரிக் கத்தியது. என் மனுசன் வென்றேவிட்டார்.

நான் சொன்ன சாணம், நான் பூசிய சாணம், அதில் ஏறி நின்று வென்றுவிட்டார்! சொந்தக் காசில் சூனியம் வைத்த கதை. இனி அந்த வசனத்தைச் சாகும்வரை கேட்கவேண்டியதுதான். பக்கத்தில் இருந்தவள் என் மடியில் கிடந்த தேங்காயைப் பார்த்தாள். அதுதான் இன்னும் எரிந்தது.

விருந்தாள் நல்லவன். இடுப்புக்குக் கீழே பச்சையாக நின்றுகொண்டு சிரித்தான். என் மனுசனின் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். ஒலிபெருக்கி உடனே சொன்னது:

"தரை எப்பிடியாவது இருக்கட்டும், உங்கட கை நல்லாப் பழகின கை எண்டு சொல்லுறார்! ஏன் கொழும்பில எங்களுக்கு எதிரா நீங்கள் விளையாடேல்லை எண்டு கேட்கிறார்!"

வேலியோரம் நின்ற அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. விருந்தாளும் எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று என்னைப் பார்த்தான். தேங்காயை எறிந்து யாருடைய மண்டையையாவது உடைக்கலாம் போல இருந்தது. என் மனுசனும் என்னைப் பார்த்தார். பிறகு விருந்தாளின் பக்கம் திரும்பி, மெல்ல இங்கிலீஸில் பேசினார். போஸ்ட்மாஸ்டர் என்ன சொல்கிறோம் என்று யோசியாமலே தமிழில் முழங்கிக்கொண்டு போனார்.

"தன்னைக் கூப்பிட்டவையாம்! தான் கொழும்பு ரயிலும் ஏறினவராம்! கல்லோயாச் சந்தி ஸ்டேசன் வரைக்கும் போனவராம்! அங்க பயம் பிடிச்சு இறங்கி, எதிர் ரயிலில வீட்ட வந்திட்டாராம்! அப்ப பொன்னுருக்கு நடக்கவே இல்லையாம்..." அங்கே நின்றது. "ஐயோ, இதையும் சொல்லிப்போட்டன்!" என்பதும் துறைமுகம் வரை கேட்டது.

நான் ஜெயித்துவிட்டேன். இவ்வளவு சனத்துக்கு முன்னால், ஒலிபெருக்கியில், அவருடைய வாயாலேயே ஜெயித்துவிட்டேன். துள்ளவேண்டும் போல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் சாணக் காலோடு தனியே நின்ற அந்த மனுசனைப் பார்க்கத் துள்ள மனம் வரவில்லை. போய் அவருடைய சப்பாத்தை எடுத்துக்கொண்டு, "வாங்கோ, வீட்ட போவம்" என்றேன்.

கடற்கரை வீதியால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் நான்தான் கேட்டேன்.

"ஏன் இறங்கினனீங்கள்?"

"அங்க போய்த் தோத்தா, திரும்பி வந்து எந்த முகத்தோட கதைக்கிறது?"

"போகாமலே பத்து வருஷம் கதைச்சனீங்கள்தானே!"

"ஓம்."

"அப்ப இண்டைக்கு மட்டும் ஏன் ஓடேல்லை? மூண்டு கேம் தோத்த உடன வயித்தைப் பிடிச்சுக்கொண்டு ஓடியிருக்கலாமே?"

அவர் சைக்கிளை நிறுத்தினார்.

"நீ வேலியடியில இருந்தாய். ஓடினா இழுத்துக்கொண்டு வந்து விடுவாய் எண்டு தெரியும். அதால நிண்டனான்." சைக்கிளை மறுபடி உருட்டத் தொடங்கினார். "அண்டைக்கும் ரயிலில நீ பக்கத்தில இருந்திருந்தா, நான் கொழும்புக்குப் போயிருப்பன்."

பத்து வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த பதிலையெல்லாம் விட்டுவிட்டு, சைக்கிளின் மற்றக் கைப்பிடியை நான் பிடித்தேன். கண் நிறைந்தது. எங்கள் கலியாண வாழ்க்கையில் அந்த மனுசன் என்னை வென்ற சண்டை அது ஒன்றுதான்.