ஒரு சொட்டுக்காகக் கேட்ட துஆ

நான் கேட்ட துஆவைச் சொன்னால் சிலர் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். "யா அல்லாஹ், எனக்கு மூத்திரம் வரட்டும்." அவ்வளவுதான். சொர்க்கம் கேட்கவில்லை, பரக்கத் கேட்கவில்லை.

சூலியா தெருவில் நாசி கண்டார் என்கிற சோறு-குழம்புக் கடை வைத்திருக்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ரொம்ப நாளாகவே எனக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. முக்கினால்தான் வரும். மெலிதாக வந்து நின்றுவிடும். போய்விட்டு வந்த பிறகும் பாதி உள்ளேயே கிடப்பது போல இருக்கும். இரவெல்லாம் எழுந்து எழுந்து தூக்கம் போனது. பகலில் களைப்பு, யாரைப் பார்த்தாலும் எரிச்சல்.

அதைவிடக் கஷ்டம் தொழுகையில். கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு நிற்பேன். ருகூவில் குனிந்தால் சொட்டு கசியும். ஒளு முறிந்தது. மறுபடி கழுவு, மறுபடி ஒளு செய். அலுத்துப்போய்த் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். உள்ளே போகாவிட்டால் வெளியே வராது என்று நினைத்தேன். சிறுநீர் அடர்மஞ்சளாகி எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையைத் தவிர பள்ளிவாசல் பக்கமே போகவில்லை.

என் மனைவி ரஹ்மத், "கிளினிக் போங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். "வயசானா எல்லா ஆம்பளைக்கும் இப்படித்தான் லா, சும்மா இரு" என்பேன். உண்மையில் பயம். புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அப்போது சளி பிடித்தது. ஃபார்மசியில் மூக்கடைப்பு மாத்திரை வாங்கிப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஒரு துளிகூட வரவில்லை. ஜும்ஆவுக்கு முன் பள்ளிவாசல் கழிவறையில் போய் உட்கார்ந்தேன். அடிவயிறு கல்லாக இருந்தது. வியர்வை கொட்டியது.

வெளியே வரிசை. "யாருங்க உள்ளே? வாடகைக்கு எடுத்துட்டீங்களா?" என்றது ஒரு குரல். சிரித்தார்கள்.

அந்த இடத்தில் அல்லாஹ்வின் பெயரை நாவால் சொல்லக் கூடாது. மனதுக்குள் கதறினேன். மேலே சொன்ன துஆ அதுதான். வலி தாங்காமல் முனகியும்விட்டேன்.

கதவு தட்டப்பட்டது. "அண்ணே, நீங்களா? நான் காதர்." என் கடைக்கு எதிரே நாணயம் மாற்றும் கடை வைத்திருப்பவர்.

"காதர், மூத்திரம் வரலை. செத்துடுவேன் போல இருக்கு."

சிரித்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"எனக்கும் இதேதான் வந்துச்சு அண்ணே. டியூப் போட்டா சரியாயிடும். வாங்க, என் கெரெத்தா வாசல்லதான் நிக்குது, கார்லயே ஆஸ்பத்திரி போயிடலாம்."

எத்தனை வருடம் எதிரெதிர்க் கடை! தினமும் ஒன்றாகத் தே தாரிக் டீ குடிப்போம். ஒருவருக்கொருவர் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

மருத்துவமனையில் இளவயது டாக்டர், நம் தமிழ்ப் பெண். கூனிக் குறுகினேன்.

"அங்கிள், சளி மருந்து ஏதும் சாப்பிட்டீங்களா?"

"ஆமா. அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

"ப்ராஸ்டேட் பெருத்தவங்களுக்குச் சில சளி மாத்திரை அடைச்சிடும். கூச்சப்படாதீங்க, இப்பச் சரியாயிடும்."

குழாய் போட்டார்கள். பை நிறைந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

பரிசோதனைகள் முடிந்தன. ப்ராஸ்டேட் வீக்கம், கூடவே கிருமித் தொற்று. புற்றுநோய் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். மாத்திரை கொடுத்தார்கள். பகலில் தண்ணீர் குடி, படுக்கும் முன் குறை, தேநீரைக் குறை, கேட்காமல் சளி மருந்து போடாதே என்றார்கள்.

இமாமிடமும் போனேன். சொட்டு நிற்காதவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, ஒவ்வொரு தொழுகைக்கும் நேரம் வந்ததும் ஒளு செய்து, இடையில் கசிந்தாலும் தொழலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. "இதைச் சத்தமா சொல்ல வேண்டியதுதானே?"

"யாரும் கேக்கலையே பாய்" என்றார்.

நோய் முழுதாகப் போகவில்லை. இன்றும் இரவில் எழுகிறேன். ஆனால் ஐந்து வேளையும் பள்ளிவாசலில் எல்லோரோடும் ஜமாஅத்தில் நிற்கிறேன், காதருக்குப் பக்கத்தில்.

கழிவறையிலிருந்து வெளியே வந்ததும் நாம் ஓதுகிற துஆ உண்டே, தொல்லையை நீக்கியவனுக்கு நன்றி சொல்வது, அதைச் சிறுவயதிலிருந்து வாயால் ஓதினேன். இப்போது ஒவ்வொரு தடவையும் மனதால் ஓதுகிறேன். சகோதரர்களே, அவனிடம் எதையும் கேட்கலாம், வெட்கப்படாதீர்கள். கேட்டுவிட்டு எழுந்து டாக்டரிடம் போங்கள். அவன் அனுப்பும் ஆள் கதவைத் தட்டும்போது வாயைத் திறந்து சொல்லுங்கள்.