சித்தியின் தீபாவளி லீவு

சித்தி என்றதும் எனக்கு ஒரு சாக்கு மூட்டைதான் முதலில் ஞாபகம் வரும். கட்டிங் டேபிளுக்கு அடியில் விழுகிற பனியன் துண்டுகளை அள்ளித் திணித்து வாய் கட்டிய மூட்டை. சிவப்பு, மஞ்சள், கருநீலம் என்று அந்த வருஷத்து ஆர்டர்களின் நிறமெல்லாம் அதற்குள் இருக்கும். உடுமலைப்பேட்டை தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த அந்த ரிசார்ட்டின் வரவேற்பறையில், நாங்கள் எல்லோரும் சக்கரம் வைத்த பெட்டிகளை உருட்டிக்கொண்டு போக, என் சித்தி மட்டும் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் தயங்கித் தயங்கி, "இது துவைக்கப் போடறதுங்களா மேடம்?" என்று கேட்டாள். "இல்லீங்க அம்மிணி, இது எங்க பசங்களோட தீம் பார்க்குங்க" என்றாள் சித்தி.

சித்தி என் அம்மாவின் தங்கை. சாமளாபுரத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்புச்சி, அம்மாவின் அப்பா, இறந்த பிறகு, கொஞ்ச நாளைக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று திருப்பூருக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அப்பாவின் பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியை அவள் பொறுப்பில் விட்டார்கள். தைத்து வருகிற பீஸ்களில் பிசிறு நூலை வெட்டி, ஓட்டையும் கறையும் இருக்கிறதா என்று பார்த்து, குறை தெரிந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது அங்கே வேலை. வீட்டில் முதலாளியின் கொழுந்தியா, கம்பெனியில் செக்கிங் அக்கா. ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருக்கக்கூடிய ஒரு வருஷம் இருந்தது. அந்த வருஷத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊருக்கு வருஷத்தில் உருப்படியான லீவு என்றால் அது தீபாவளிதான். போனஸ் வாங்கிய கையோடு தேனிக்காரர்களும் மதுரைக்காரர்களும் பஸ் ஏறுவார்கள். எந்நேரமும் தடதடக்கிற தெருக்களில் மிஷின் சத்தம் ஓய்ந்து நாய்கள் நடு ரோட்டில் படுத்துக் கிடக்கும். கம்பெனி வைத்திருக்கிற குடும்பங்கள் வெளியே கிளம்புவதும் அந்த ஒரு வாரத்தில்தான். எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்பினால் போகிற இடமும் ஒன்றாகத்தானே இருக்கும்? ஒரு வருஷம் அப்பா எங்களைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போனார். டிக்கெட் வரிசையில் எங்களுக்கு முன்னால் நூல் கடைக்காரர் குடும்பம், பின்னால் பிரிண்டிங்காரர் குடும்பம். செயற்கை அலை அடிக்கிற குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, எங்கள் சாயப்பட்டறைக்காரரிடம் கருநீலம் ஏன் திட்டுத் திட்டாக வந்தது என்று அப்பா பஞ்சாயத்து பேசினார். ஒவ்வொரு அலை வரும்போதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி ஒரு குதி குதித்துவிட்டு மறுபடி தொடர்ந்தார்கள். அத்தோடு தீம் பார்க் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து யாரும் நம்மை அடையாளம் கண்டுபிடிக்காத இடம் என்று இந்த ரிசார்ட் வாய்த்தது.

நான், என் தம்பி, பெரியப்பாவின் பிள்ளைகள் இரண்டு பேர் என நாங்கள் நான்கு பேர். நால்வருக்கும் மீசையோ முகப்பருவோ முளைக்கிற வயசு, எதைப் பார்த்தாலும் அலுத்துக்கொள்கிற வயசு. போய் இறங்கிய ஒரு மணி நேரத்தில் எங்களுக்கு அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. நீச்சல் குளம் தொட்டி மாதிரி இருந்தது. ஊஞ்சல் குழந்தைகளுக்கானது. "தென்ன மரத்தப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று பெரியப்பா மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அப்பா ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையரோடு போனில் இருந்தார், அம்மாவும் பெரியம்மாவும் வருஷம் பூராவும் பேச முடியாமல் போனதைப் பேச உட்கார்ந்துவிட்டார்கள். எங்களை மேய்க்கிற வேலை, யாரும் சொல்லாமலே, சித்தியுடையதாயிற்று.

அவள் மூட்டையை அவிழ்த்தாள். பனியன் துண்டை இழுத்தால் அது சுருண்டு கயிறாகும். அப்படிச் சுருட்டிய கயிறுகளை எங்களையே பின்ன வைத்து, தென்னைக்குத் தென்னை கட்டி, தரையில் கால் வைக்காமல் யார் கடப்பது என்று போட்டி வைத்தாள். மிச்சத் துணியை உருட்டிப் பந்து செய்தாள். தண்ணீரில் ஊறினால் அந்தப் பந்து கல் மாதிரி கனக்கும், முதுகில் விழுந்தால் உயிர் போகும். தூரத்துக் காற்றாலைகளில் எது முதலில் நிற்கும் என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவர் சித்தி சொல்கிற எந்தக் கிறுக்குத்தனத்தையும் செய்ய வேண்டும். இதெல்லாம் சலித்தபோது அம்புக்குறி ஸ்டிக்கர் சுருளை வெளியே எடுத்து, "இந்த ஓட்டல் பூராவும் ஒரு பீஸு. குறை எங்கெங்க இருக்குதோ ஒட்டிட்டு வாங்க பாக்கலாம்" என்றாள். துண்டில் விட்டுப்போன தையல், திரைச்சீலையில் ஏறியிறங்கிய மடிப்பு, சாம்பாரில் இல்லாத காய் என்று கண்டதற்கெல்லாம் அம்பு ஒட்டினோம். போனில் பேசிக்கொண்டிருந்த அப்பாவின் வழுக்கையில் தம்பி ஒன்றை ஒட்டினான். அவர் அதோடேயே சாப்பிட வந்தார். அப்படிச் சிரித்த சிரிப்பு அதற்குப் பிறகு எந்த ஊரிலும், எந்த ராட்டினத்திலும் எனக்கு வாய்க்கவில்லை.

எனக்குப் பதினைந்து வயசான வருஷம், தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், சித்திக்கு ஒரு வரன் வந்தது. முதலிபாளையம் பக்கத்தில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருந்தவர். தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் வயசு ஏறிப்போனவர். தீபாவளி லீவில் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். ரிசார்ட்டில் ரூம் போட்டிருந்ததும் அந்த நாட்களுக்குத்தான். "ரூம் போட்டாச்சு அம்மிணி. அவங்கள அடுத்த மாசம் வரச் சொல்லிக்கலாம். ஒரு மாசத்துல என்ன ஆயிரப்போவுது?" என்றார் அப்பா. அப்பா சொன்னால் ஆகட்டுங்க என்பதைத் தவிர சித்தி வேறெதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னாள். தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள், கல்லைப் பார்த்தபடியே, "அவீங்களுக்கும் லீவு இந்த ஒரு வாரந்தானுங்க மாமா. வேணும்னா ரிசார்ட்டுக்கே வரச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவு ஆசை அவளுக்கு இருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் அந்த அடுப்படியிலேயே தெரிந்துவிட்டது.

அவர் தன் அக்காவோடு வந்தார். சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள் மதியமே வந்துவிட்டார்கள். அம்மா சித்திக்காக எடுத்து வைத்த பட்டுச்சேலை அறையில் கிடக்க, சித்தி குளத்தில் எங்களோடு இருந்தாள். சுடிதாருக்கு மேல் ஒரு ரிஜெக்ட் டீ சர்ட், முழங்கால் வரைக்கும் தொங்குகிற வெளிநாட்டு அளவு, தலையெல்லாம் தென்னம்பூ. அம்மா ஓடி வந்து, "ஐயோ, போய்ச் சீலய மாத்து புள்ள!" என்று பல்லைக் கடித்தாள். அதற்குள் தம்பி எறிந்த பந்து வெளியே போய் அவர் காலடியில் சொத்தென்று விழுந்தது. வெள்ளைச் சட்டையில் சேறு. அவர் குனிந்து பந்தை எடுத்து, தண்ணீரைப் பிழிந்து, துணியை விரலால் நீவிப் பார்த்தார். "ரிப்புங்களா?" என்று துணியின் ரகத்தைக் கேட்டார். "இல்லீங்க, இன்டர்லாக்குங்க" என்றாள் சித்தி குளத்துக்குள்ளிருந்தே. "துணி நல்லா கெட்டியா இருக்குதுங்க" என்றார். "ஆமாங்க, பையரு கொஞ்சம் கறாருங்க" என்றாள். எங்கள் ஊரில் இரண்டு பேர் இதற்கு மேல் என்ன பேசிவிட முடியும்? அவர் பந்தைத் திருப்பி எறிந்தார். கொஞ்ச நேரம் கரையில் நின்றபடியே எங்களோடு விளையாடவும் செய்தார். காபி ஆறிப்போயிற்று. கிளம்பும்போது அவருடைய அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. பொண்ணு சிரிச்ச மொகமா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வருகிற வழியில் காருக்குள் தம்பி திடீரென்று அழ ஆரம்பித்தான். "சித்தி போயிட்டா அடுத்த வருசம் யாரு வருவா?" என்று தேம்பினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் அழவில்லை, ஆனால் அவளுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்பா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா அம்மிணி, பசங்க உன்னய உடமாட்டாங்க போல." எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்து, தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டு, "நானு எங்க கண்ணு போறேன்" என்றாள். அன்பாகத்தான் பேசினோம், எல்லோருமே.

வேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. முதலில் கிறிஸ்துமஸ் ஷிப்மென்ட் முடியட்டும் என்றார்கள். தை பிறந்தது. செக்கிங்குக்கு வேறு ஆள் பழக வேண்டுமே என்றார் அப்பா. அப்புறம் தம்பியின் பரீட்சை. அம்மாவுக்குக் கேட்கத் தோன்றியிருக்கும், கேட்கவில்லை. சித்தி கல்யாணமாகிப் போய்விட்டால் காலையில் எங்களை எழுப்பிக் கிளப்புவது யார் என்ற கவலை அவளுக்கும் இருந்தது. வைகாசியில் அவருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று சேதி வந்தது. அன்றும் சித்தி கம்பெனிக்குப் போனாள். அந்தத் தீபாவளிக்கும் மூட்டை கட்டிக்கொண்டு எங்களோடு ரிசார்ட்டுக்கு வந்தாள். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அந்தச் சந்தோஷம்தான் இன்றைக்கு என்னை உறுத்துகிறது. அவளுடைய ஒரே லீவை வருஷா வருஷம் நாங்கள் விளையாடித் தீர்த்தோம். போதாதென்று அவள் வீடு, அவள் பிள்ளைகள் என்று இருந்திருக்க வேண்டியதையும் சேர்த்துத் தீர்த்தோம். அப்போது நீ குழந்தைதானே, உனக்கென்ன தெரியும் என்று என் கணவர் சொல்வார். எனக்குத் தெரியும். காரில் அவள் கையை நான் எதற்காகப் பிடித்தேன் என்று எனக்குத் தெரியும்.

போன தீபாவளிக்கு நானும் அதே ரிசார்ட்டில் ரூம் போட்டேன். எனக்கு ஒரு மகள், ஒரு மகன். இரண்டு பேருக்கும் நாங்கள் இருந்த அதே வயசு. தீம் பார்க் இல்லை என்றதும் அதே மூஞ்சி. சித்தி இப்போதும் தம்பி நடத்துகிற கம்பெனியில்தான் இருக்கிறாள். செக்கிங் மேஜையில் உட்காருவதில்லை, மேற்பார்வை மட்டும். இந்த ஒரு தடவையாவது அவளை விருந்தாளியாகக் கூட்டிப் போக வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம். போன் செய்து சொன்னதும், "பசங்க எத்தன பேரு வாராங்க கண்ணு?" என்று கேட்டாள். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க சித்தி? நீங்க சும்மா வாங்க. உங்களுக்குத் தனி ரூம்" என்றேன். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, சின்னப் பாட்டியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கண்டித்து வைத்திருந்தேன். அவர்கள் ஆளுக்கொரு மூலையில் செல்போனோடு சுருண்டுகொண்டார்கள். சித்திக்குக் குளத்தோரம் நிழல் பார்த்து நாற்காலி போட்டேன், இளநீர் வெட்டித் தரச் சொன்னேன். அவள் குடித்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். ஆளில்லாத குளத்துத் தண்ணீரைப் பார்த்தாள். ஏதாவது வேணுமா சித்தி என்று நான் கேட்கும்போதெல்லாம், ஒன்றும் வேண்டாம் கண்ணு என்றாள். பொழுது இறங்குகிற நேரத்தில் மெல்ல என் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில், "இங்க நானு என்ன செய்யோணும் கண்ணு?" என்றாள்.

"ஒண்ணும் செய்ய வேண்டாங்க சித்தி. உங்களுக்கு லீவு."

தாமதமாக வந்ததால் கேட்டிலேயே நிறுத்தி இன்றைக்கு ஷிப்ட் இல்லை என்று சொல்லிவிட்டால் எங்கள் கம்பெனிப் பெண்கள் ஒரு கணம் நிற்பார்களே, அந்த மாதிரி என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கோபமோ வருத்தமோ இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்: "அப்ப என்னய எதுக்குக் கண்ணு கூட்டியாந்தே?"

அவளுக்கு என்ன பிடிக்கும், எங்கே போக ஆசை, எதைப் பார்த்தால் சிரிப்பாள் என்று அந்த நேரத்தில் யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்தவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் எங்களை எப்படிச் சிரிக்க வைத்தாள் என்பது மட்டும்தான். வேறு வழி தெரியாமல் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "போனை வெச்சிட்டு வாங்க, சின்னப் பாட்டி உங்களுக்கு ஒரு வெளையாட்டுச் சொல்லித் தருவாங்க" என்றேன். சித்தி சட்டென்று எழுந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. என் மனமும் லேசானது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.