தம்பிக்குக் குறில் வந்த நாள்

என் தம்பிக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு திருந்தவில்லை. பேசாத பிள்ளை இல்லை. விடிந்ததிலிருந்து வாய் ஓயாது. ஆனால் ஒரு சொல்லில் குரல் எங்கே அழுந்துகிறதோ அந்த எழுத்தை மட்டும் வாய் நிறையச் சொல்வான். மற்றதெல்லாம் நசுங்கிப் போகும். வாழைப்பழம் அவனுக்கு ‘வாப்ப்’. ஆட்டுக்குட்டி ‘ஆட்க்குட்’. நான் அப்போது நான்காம் வகுப்பு. “இவனுக்கு நெடில் வருது, குறில்தான் வரல” என்று புதிதாகப் படித்த கர்வத்தில் சொன்னேன். வெளியாட்களிடம் வாய் திறக்கவே கூசுகிற பெண் நான். வீட்டுக்குள் சொன்ன அந்த ஒன்றுக்கு அப்பா சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

அவன் பேச்சு திருந்துவதற்காக அதிகம் காத்திருந்தவள் அத்தை. அப்பாவின் அக்கா. ஓசூருக்கு அப்பால், கன்னடம் பேசுகிற ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிள்ளை இல்லை. எங்கள் அண்ணன் பிறந்தபோதே, அடுத்த பையன் உனக்குத்தான் என்று அப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். நடுவில் நான் பிறந்து காரியத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தினேன்.

தம்பி பால்குடி மறந்ததுமே அத்தை வந்து நின்றாள். ஆனால் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பேச்சு. தெலுங்கு வீடும் கன்னட வீடும் கலந்து இருக்கும். பேச்சு திருந்தாத பிள்ளையை வேறு பேச்சுள்ள வீட்டுக்கு அனுப்பினால் நாக்கு குழம்பி, இரண்டுமே வராமல் போய்விடும் என்பார்கள். அம்மாதான் அதை நினைவுபடுத்தினாள்.

“பேச்சு திருந்தட்டுங்க அண்ணி. அப்பறம் உங்க புள்ளதானே.”

அத்தைக்கும் அது சரியென்றே பட்டது. மாதம் தவறாமல் பஸ் ஏறி வருவாள். சுட்ட வசம்பைத் தேனில் இழைத்து அவன் நாக்கில் தடவுவாள். “சாமி, அது என்னன்னு சொல்லு?” என்று ஆட்டுக்குட்டியைக் காட்டுவாள். “ஆட்க்குட்” என்பான். எதிர்வீட்டுக்காரி விடமாட்டாள்.

“என்னக்கா, உங்க புள்ள வாயில கொழக்கட்டையா வச்சிருக்குது? இன்னும் முழுங்கி முடிக்கலியே!”

அத்தை சிரித்துவிட்டு மறுபடியும் வசம்பை எடுப்பாள்.

அவள் ஊருக்குப் போனதும் அம்மா முதல் வேலையாகத் தம்பியின் வாயைக் கழுவிவிடுவாள். காரமாக இருக்கும், பாவம், என்று நினைத்துக்கொள்வேன். அதோடு அவனிடம் பேசும்போது அவளும் அவனைப் போலவே எழுத்துகளை விழுங்கிப் பேசுவாள். “வாப்ப் வேணுமா கண்ணு?” அப்பாவுக்கு எரிச்சல் வரும்.

“நீயே இப்பிடிப் பேசுனா அவன் எந்தக் காலத்துல திருந்துவான்?”

“வர்றப்ப வரட்டுங்க. இப்ப என்ன அவசரம்?”

செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று எனக்கும் தோன்றியது.

அந்த வருடம் ஆடிப் பதினெட்டுக்கு அத்தை ஒரு சீப்புப் பழத்தோடு வந்திருந்தாள். அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தாள். தம்பி நேராகப் போய் அத்தையின் மடியில் கையை வைத்தான்.

“அத்தே, எனக்கு ஒரு வாழப்பழம் உரிச்சுக் குடு.”

ஓர் எழுத்துகூட நசுங்கவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வந்துவிட்டது. அத்தை பழத்தை மறந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கைகொட்டிக் குதித்தேன். ஆட்டுக்கல்லில் குழவி நின்றது.

“நேத்துகூட வரலீங்க அண்ணி,” என்றாள் அம்மா. “இன்னும் நாலஞ்சு சொல்லு சுத்தமா வரலீங்க.”

“போதும் புள்ள. மிச்சத்த நான் சொல்லிக் குடுத்துக்கறேன்.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமையே தம்பியைக் கூட்டிப் போனார்கள். பஸ்ஸில் அவனுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்ததே என்று எனக்குப் பொறாமை. வேண்டாம் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடம் அந்த வீட்டில் அவளுக்கு இருக்கவில்லை என்பது, நான் கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அவளிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இப்போது அவள் இல்லை.

கூட்டிப் போனதற்கு அடுத்த வருடம் பொங்கலுக்குத் தம்பி அத்தையோடு வந்தான். தலையில் வகிடு எடுத்து, காலில் செருப்பு போட்டிருந்தான். அம்மா ஈரக் கையோடு வாசலுக்கு ஓடிவந்தாள். அவன் அத்தையின் முகத்தைப் பார்த்தான், அவள் தலையசைத்தாள். அத்தையை அம்மா என்று கூப்பிடுகிற பிள்ளை, அவளுடைய தம்பியின் மனைவியை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அப்படியே அம்மாவைக் கூப்பிட்டான்.

“அத்தே, சௌக்கியமா இருக்கீங்களா?”

கொஞ்சம் கன்னட இழுப்பு இருந்தது. ஆனால் குறிலும் நெடிலும் அதனதன் அளவில், மணிமணியாக வந்தன.

“நல்லாருக்கறேன் சாமி. உள்ள வாங்க,” என்றாள் அம்மா.

எவ்வளவு சுத்தமாகப் பேசுகிறான் என்று வந்தவர்களெல்லாம் வியந்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர அம்மா உள்ளே போனாள். ஒரு சொம்புத் தண்ணீருக்கு இவ்வளவு நேரமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.