பதில் சொல்லாத பெட்டி

எண்பதுகளின் கடைசியில் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் ஆலையில் புதுக் கருவிகள் பொருத்தும் வேலை எனக்கு. விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் போய்வந்தேன். ஆலை முழுக்க ஒரே கேபிள், அதில் வரிசையாக அந்தந்த இடத்து அளவை எடுக்கும் பெட்டிகள். தலைமைப் பெட்டி ஒவ்வொன்றிடமும் முறைவைத்துக் கேட்கும், பதில் வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போகும். அதனதன் முறை வந்தால்தான் திரையில் அதனதன் எண் மாறும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகுமென்று முன்கூட்டியே சொல்ல வேண்டியவள் நான்.

தண்ணீர் குறைவது தெரியாமல்போனால் பாய்லர் வெடிக்கக்கூடும்; அதன் மட்டம் இரண்டு விநாடிக்குள் திரையில் மாறாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகலாம் என்று சீஃப் இன்ஜினியர் கறாராகச் சொல்லியிருந்தார். ஒன்றரை விநாடியே போதும் என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆயுதபூஜைக்கு மறுநாள் சோதனை. பாய்லர்காரர் வால்வைத் திறந்து தண்ணீரை இறக்கினார். திரை அசையவில்லை. சீஃப் கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். எண் மாற ஐந்து விநாடி ஆனது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, கணக்கின்மேல் அல்ல. ஒரு பெட்டி பதில் சொல்லாவிட்டால் தலைமைப் பெட்டி காத்திருக்கும், மறுபடி கேட்கும், பிறகுதான் நகரும். யாரோ ஒன்றை அணைத்திருக்கிறார்கள்! கேபிளோடு நடந்தேன். மூட்டை இறக்கும் இடத்துப் பெட்டி சந்தனம், குங்குமம், வாடிய மாலையோடு உயிரில்லாமல் இருந்தது.

"பூஜைக்கு ஆஃப் பண்ணி மாலை போட்டதுங்க, இன்னும் எடுக்கலீங்க" என்றார் எலக்ட்ரீஷியன்.

திரும்பிவந்து வெற்றியோடு சொன்னேன். சீஃப் சிரிக்கவில்லை. "சீசன்ல அது தானா செத்துப்போச்சின்னா? எங்காளு திரையில பழைய தண்ணி அளவப் பார்த்துக்கினு நிப்பானா, சொல்லும்மா?"

"அந்தப் பெட்டியை ஆன் பண்ண வேணாம் சார், மாலையோட அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மற்ற எந்தப் பெட்டியைக் கேட்டாலும் அடுத்து பாய்லரைக் கேட்கும்படி வரிசையை மாற்றினேன். பேசாத பெட்டிக்குக் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்து, மறுபடி கேட்பதை அடுத்த சுற்றுக்குத் தள்ளினேன். ஊமைப் பெட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். "ஒரு விநாடிக்குள்ள வரும் சார்."

வந்தது. மூன்று முறை சோதித்தும் வந்தது. கருவிகள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு சீஃப் பாய்லர்காரரைக் கூப்பிட்டு, இனிமேல் திரையைப் பார்த்துத் தண்ணீர் விடலாம் என்றார்.

அந்த மனிதர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நம்பி நிக்கலாமுங்களா, மேடம்?"

மனசுக்குள் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன்.

"நில்லுங்க" என்றேன்.