சகலையின் துப்பாக்கி

என் கணவர் தண்ணீர் மீட்டர் படிக்கிறவர். தெருத் தெருவாகப் போய், மூடியைத் தூக்கி, குனிந்து எண்ணைப் படிப்பது உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் குனிந்து எண்ணைத்தான் படிப்பார். அது பழைய ராணுவத் துப்பாக்கிகளில் இருக்கும் எண்.

யாராவது ஒரு பழைய துப்பாக்கியைச் சுவரில் மாட்ட வாங்கியிருப்பார்கள். சுடமுடியாதபடி குழலில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கும். அது எந்தத் தொழிற்சாலையில் செய்தது, எந்தப் படைப்பிரிவில் இருந்தது, எங்கே அடிபட்டு எங்கே பழுது பார்த்தது என்று இவரிடம் வந்து கேட்பார்கள். இவரும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, மரத்திலும் இரும்பிலும் குத்தியிருக்கும் முத்திரைகளைத் தடவித் தடவிப் படித்து, பெண்ணுக்கு ஜாதகம் சொல்வதுபோலச் சொல்வார். எங்கள் கல்யாண நாளைக் கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பார்.

இவரிடமும் ஒரு துப்பாக்கி உண்டு. என் பெட்டியை இறக்கிவிட்டு, அலமாரிக்கு மேல் அதைத்தான் ஏற்றி வைத்திருக்கிறார். அதில் ஒரே குறை, போல்ட். குண்டை உள்ளே தள்ளி அடைக்கிற, கைப்பிடி வைத்த இரும்புத் தாழ்ப்பாளுக்குத்தான் அந்தப் பெயர். துப்பாக்கியில் என்ன எண் குத்தியிருக்கிறதோ அதே எண் போல்ட்டிலும் இருக்க வேண்டுமாம். இவருடையதில் வேறு எண். படையில் துப்பாக்கிகளைத் துடைக்கும்போது போல்ட்டைக் கழற்றி வைப்பார்கள், திரும்ப மாட்டும்போது மாறிப்போகும் என்பார். தன் எண் உள்ள போல்ட்டைத் தேடி இவர் எழுதாத ஆள் இல்லை, ஏறி இறங்காத கடை இல்லை.

இந்த லட்சணத்தில் என் தங்கை வீட்டுக்காரர் ஒரு துப்பாக்கி வாங்கிவிட்டார். அவர் பல் டாக்டர். தங்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எல்லாம் தானாக வந்து மடியில் விழும். நான் கால்கடுக்க வரிசையில் நிற்பேன், என் முறை வரும்போது கதவைச் சாத்துவார்கள். அதனால் துப்பாக்கி வந்த சேதி கேட்டு இவர் வயிறு மட்டும் எரிந்தது என்று சொல்லமாட்டேன்.

"பேஷன்ட்டுங்க காத்திருக்கிற ரூம்ல மாட்டலாம்னு வாங்கினேண்ணே. அதோட கதை என்னன்னு பாத்துச் சொல்லுங்களேன்," என்றார் டாக்டர், வாயெல்லாம் பல்லாக.

"மாட்டுங்க, மாட்டுங்க. அதைப் பாத்தா கேக்காமலே வாயைத் தொறந்துடுவாங்க," என்றார் இவர்.

போலியாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் பூதக்கண்ணாடியை எடுத்தார். எனக்குத் தெரியாதா? அடிக்கட்டையில் பதித்திருந்த பித்தளை வில்லையைப் படித்ததும் முகம் சுண்டிவிட்டது. இவருடைய துப்பாக்கி இருந்த அதே படைப்பிரிவு. பிறகு போல்ட்டைத் திருப்பினார். சட்டென்று கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"இந்த போல்ட் உங்களோடது இல்ல, டாக்டர்."

"பின்ன யாரோடது?"

"என்னோடது."

டாக்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்ப எடுத்துக்குங்கண்ணே. எவ்வளவு காலமாத் தேடுறீங்க. என்னுது சும்மா செவுத்துல தொங்கப்போறதுதானே," என்று பல் குத்தும் குச்சியை நீட்டுவதுபோல நீட்டினார். அந்தத் தாராளம்தான் இவருக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய போல்ட்டைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டினார். 'டக்' என்று உட்கார்ந்தது. கழற்றியதை ஒரு பழைய பனியனில் சுற்றும்போது எட்டிப் பார்த்தேன். அதில் இருந்தது, சற்று முன் நானும் பார்த்த டாக்டர் துப்பாக்கியின் எண்.

"இது அவரோடதாச்சே. குடுக்கலையா?"

"அவரு கடைக்குப் போனாரு, பாத்தாரு, வாங்கினாரு. நான் நாயா அலைஞ்சிருக்கேன். அவருக்கு மட்டும் ஒரே நாள்ல எல்லாம் முழுசா அமைஞ்சிடணுமா?"

நான் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து தங்கையின் புதுச் சமையலறை கண்முன்னால் வந்து நின்றது. அதை ஒளித்து வைக்க இழுப்பறையை நானே திறந்துவிட்டேன். டாக்டருக்கு ஏதோ ஓர் உதிரி போல்ட்டைக் கொடுத்து, உங்கள் எண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அவர் தேட ஆரம்பித்துவிட்டார். சும்மா இல்லை, பேய்த்தனமாக. தங்கை போனில் புலம்பினாள். "பேஷன்ட்டுங்க வாய்ல பஞ்சை வச்சுட்டு துப்பாக்கிக் கதை சொல்றாருக்கா. அவங்களால போதும்னுகூட சொல்ல முடியல." வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஒருநாள் எங்கள் துப்பாக்கியைக் கையில் வாங்கி, மரத்தில் மிளகளவு இருந்த ஒரு பழுது முத்திரையைக் காட்டினார். இத்தனை காலம் இவர் கண்ணில் படாத முத்திரை அது.

டாக்டர் போனதும் இவர் துப்பாக்கியை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் இனி தேட ஒன்றும் இல்லை, எழுதிக் கேட்க ஆளும் இல்லை.

"அவரு மூஞ்சியப் பாத்தியா? என்ன சந்தோஷம். அது முன்ன எனக்கு இருந்தது," என்றார்.

மறுநாள் காலையில் இழுப்பறையைத் திறந்தார். "குடுத்துடப் போறேன்."

மனசாட்சி விழித்துக்கொண்டது என்று நினைத்து, "நல்லது," என்றேன்.

"கிடைச்சிட்டா தேடுறதை நிறுத்திடுவாருல்ல."

அட மனுஷா என்று இருந்தது. இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். தங்கை முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டாமா?

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு போல்ட்டை வாங்கினார். எண்ணைப் படித்துவிட்டு, விளக்கடியில் பிடித்து மறுபடியும் படித்தார்.

"எங்கண்ணே கிடைச்சுது?"

வழியெல்லாம் இவர் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அது வாயில் வரவில்லை. "என் துப்பாக்கியிலதான் மாட்டியிருந்தது. அன்னைக்கே தெரியும். குடுக்க மனசு வரல," என்றார்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கடைவாய்ப்பல் படத்தைப் பார்த்தேன். டாக்டர் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வசவு வரப்போகிறது என்று காத்திருந்தோம்.

"அப்ப என்னுது உங்ககிட்ட, உங்களுது என்கிட்ட," என்றார் மெதுவாக. "ரெண்டையும் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல கழட்டியிருக்காங்க. படையில ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துல உக்காந்து தொடைச்சிருக்காங்கண்ணே. ஏதோ பேச்சு சுவாரசியத்துல ஒருத்தரோடதை ஒருத்தர் எடுத்து மாட்டிட்டாங்க. யாரு அவங்க? கண்டுபிடிக்க முடியும்ல?"

அவருக்குக் கோபம் வரவில்லை. இவர் செய்தது காதிலேயே விழவில்லை என்றுதான் தோன்றியது. நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒருவர் காத்திருந்ததையும் மறந்து, எதையோ குறித்துக்கொள்ளக் காகிதம் தேடினார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். இறங்கி நடக்கும்போது இவர் சொன்னார்.

"திட்டுவாருன்னு நெனச்சேன்."

"நானும்தான்."

"ரெண்டு போல்ட்டும் ஒண்ணா என் கையில இருந்தது. அந்த ரெண்டு பேரு எனக்கு ஒரு தடவைகூடத் தோணலையே," என்றார்.