சொல் தீர்ந்த பிறகும் பாடிய குழு

எங்கள் இசைக்குழு ஸ்கந்தபுரத்தில் மூன்று பேரோடு தொடங்கியது. என் அண்ணா தபேலா, நான் பாட்டு. கிற்றார் வாசித்தவர் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டை விட்டு வந்து, எங்கள் வாய்க்காலுக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறியவர். வயலில் வேலை செய்யும்போதும் அவருடைய இடது கை விரல்கள் மண்வெட்டிப் பிடியில் எதையோ வாசித்துக்கொண்டிருக்கும்.

புளியங்குளத்தில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. பந்தலில் வெயில் ஏறியது. எங்களுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் முடிந்துவிட்டது. பெண்ணின் தகப்பன் வந்து, சனம் எழும்பிப் போகாமல் இன்னும் கொஞ்சம் பாடச் சொல்லிக் கேட்டார்.

"எனக்கு இனிச் சொல் இல்லை அண்ணை," என்றேன் கிற்றார்காரரிடம்.

"சொல்லு தீர்ந்தா என்ன தங்கச்சி, ராகம் இருக்குல்ல? அது போற வரைக்கும் போவோம்."

கடைசிப் பாட்டின் பல்லவியை மறுபடி எடுத்தேன். பிறகு சொற்களை விட்டேன். அவர் மெட்டில் ஒரு துண்டை மாற்றி வாசிக்க, நான் அதைத் திருப்பிப் பாடினேன். அண்ணா இடையில் புகுந்து தாளத்தைப் பிரித்தார். பஸ் வந்து சேர்ந்தபோது ஒரே பாட்டில் ஒரு மணித்தியாலம் போயிருந்தது. அதன்பின் போன இடமெல்லாம் 'அந்த நீட்டுப் பாட்டு' என்று கேட்டார்கள். சமையல்காரர்கள் மட்டும் சோறு ஆறுகிறதென்று முணுமுணுத்தார்கள்.

ஆட்கள் சேர்ந்தார்கள், போனார்கள். அக்கோடியன் வாசித்தவர் ஜேர்மனிக்குப் போனார். எண்பத்தைந்தில் கிற்றார்காரரும் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார். விடைபெற வந்தவர் எங்கள் பசுமாட்டைப் பற்றி மட்டும் கதைத்தார்.

குழுவை விட்டுவிடலாம் என்றார் அண்ணா. நான் சம்மதிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருந்த சங்கீத ரீச்சரை வயலினோடு கூட்டிவந்தேன். அவர் சுரம் எழுதிய கொப்பியைப் பார்த்துத்தான் வாசிப்பார்.

"இதை எத்தினை தரம் சுத்திறது?" என்று கேட்டார். அண்ணா தபேலாவை இழுத்துவைத்துத் தாளத்தைத் தொடங்கினார்.

இது பழைய குழு இல்லை என்று சனம் சொன்னது. எனக்கும் அப்படித்தான் பட்டது. வயலின் வரும் இடங்களில் எல்லாம் கிற்றாரை எதிர்பார்த்து, ரீச்சரைக் கேட்காமலே பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். அது விளங்க எனக்கு இரண்டு வருடம் சென்றது.

முள்ளியவளையில் ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையான பெண்ணுக்குச் சடங்கு. பாட்டின் நடுவில் தொண்டை அடைத்து நின்றுவிட்டேன். ரீச்சர் நிறுத்தவில்லை. கொப்பி மடியிலிருந்து விழுந்ததைக்கூடக் கவனியாமல், நாங்கள் ஒருநாளும் போகாத பக்கமாக வயலினைக் கொண்டுபோனார். எனக்கு அந்த வழி தெரியாது. முதல்முறையாகக் காதைக் கொடுத்தேன். தொண்டை திறந்ததும் மெல்லச் சேர்ந்துகொண்டேன். அன்று முடிக்க எங்கள் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

எண்பத்தொன்பதில் ரீச்சருக்கு மாற்றல் வந்தது; அதன்பின் அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒரு கசெற்றிலும் எங்கள் பாட்டு இல்லை. பதிந்திருந்தாலும் அது அந்த ஒருநாளின் பாட்டாகத்தான் இருந்திருக்கும். இன்றும் யாராவது விசாரித்தால், குழு முடிந்தது என்று அண்ணா சொல்வதில்லை. ஆள் தேடுகிறோம் என்கிறார்.