மீட்டர் அத்தானின் இரண்டு எண்கள்

என் அக்காவின் கணவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் மீட்டர். வீட்டிலும் அது பொருந்தும். கெட்டிலில் ஒரு குவளைக்குப் பதில் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினால் மின்சாரம் எவ்வளவு கூடும் என்று கேட்காமலே சொல்வார். அக்கா காது கேட்காதவள் மாதிரி இரண்டு குவளைதான் ஊற்றுவாள்.

அவர் வேலை ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதுவது. இரண்டு பேருக்கு இடையிலான ஒப்பந்தத்தை நிரலாக, அதாவது கோடாக, எழுதி பிளாக்செயின் என்கிற பொதுக் கணினிப் பேரேட்டில் ஏற்றிவிட்டால், சொன்னபடி அது தானே நடந்துகொள்ளும். ஆனால் ஓடும் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. கேஸ் என்பார்கள். ஒரே ஒப்பந்தத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால் கட்டணமும் இரண்டு விதமாக வரும். எது மலிவு என்று அளந்து சொல்வதில் அத்தானை அடிக்க ஆளில்லை. இப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள், அவரும் மறுத்ததில்லை.

போன வருஷம் ஒரு லாரிக்காரர்கள் சங்கத்துக்காக ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்தது. சரக்கு போய்ச் சேர்ந்ததும் கூலி தானாகக் கைக்கு வர வேண்டும். அத்தான் ஒன்று எழுதினார். ஆறு மாதச் சோதனைக் காலத்தில் இருந்த ஒரு பெண் இன்னொன்று எழுதினாள். எல்லாரும் அவளைப் புதுசு என்று கூப்பிட்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டு அளந்ததும் அத்தான்தான். தான் எழுதியதைத் தானே அளக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அளப்பது மீட்டர் ஆயிற்றே.

அவருடையதற்கு ஆன கட்டணம், அவளுடையதற்கு ஆனதில் பாதிதான். மேலாளர் அந்தத் தாளைப் பார்த்தார். புதுசுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அன்று இரவு அத்தான் நன்றாகவே சாப்பிட்டார். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

மூன்று மாதம் கழித்து லாரிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். சொன்னதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கட்டணம் போகிறதாம். அத்தான் மறுபடி உட்கார்ந்து அளந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான். பிளாக்செயினில் காலியாக இருக்கும் இடத்தில் முதல் முறை எழுதினால் கட்டணம் அதிகம். ஏற்கெனவே எழுதிய இடத்தில் மாற்றி எழுதினால் மிகவும் குறைவு. வெறும் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கும், அடித்த சுவரில் இன்னொரு கோட் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். முதலில் அளந்த அன்று அத்தான் தன்னுடையதைக் காலையிலிருந்து பத்து முறை ஓட்டிச் சோதித்திருந்தார், இடமெல்லாம் நிரம்பியிருந்தது. பதினோராவது ஓட்டத்தைக் கணக்கில் எடுத்தார். புதுசுடையதைப் புதிதாக ஏற்றி, முதல் ஓட்டத்தையே எடுத்தார். லாரிக்காரர்களுக்கோ ஒவ்வொரு சரக்கும் புது இடம், ஒவ்வொன்றும் முதல் முறைதான். இரண்டையும் ஒரே மாதிரி அளந்தால் அவளுடையதுதான் கால் பங்கு மலிவு.

மென்று முழுங்கி மேலாளரிடம் சொன்னார். மேலாளர் அசரவில்லை. "அந்தப் பொண்ணு எழுதின கோடு நம்மகிட்டதானே இருக்கு, சத்தமில்லாம அதையே போட்டு மாத்திடுங்க" என்றார். அத்தான் மாற்றினார். கட்டணம் இறங்கியதும் சங்கத்துக்காரர்கள் அத்தானையே பாராட்டிக் கடிதம் அனுப்பினார்கள். அதைப் படித்த பிறகு ஒரு வாரம் அவர் எங்கள் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. கெட்டிலில் அக்கா மூன்று குவளை ஊற்றினாள், அதற்கும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் அக்காதான் விஷயத்தைக் கறந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "நேரா போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்றாள். பாதி வழியில் திரும்பிவிடுவார் என்று என்னையும் கூட அனுப்பினாள். அவள் நினைத்தது சரி, இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தார்.

புதுசு ஒரு செல்போன் கடையில் உடைந்த திரை மாற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அந்த மரியாதையிலேயே அத்தான் கூனிக் குறுகிப் போனார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தவர், புதிதாக அளந்த தாளை மட்டும் கல்லா மேல் வைத்தார்.

அவள் இரண்டு எண்களையும் பார்த்தாள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"என்னோடத மட்டும் முதல் ஓட்டத்துல எடுத்துட்டீங்களா சார்?"

அத்தான் தலையாட்டினார். தப்பு தன்னுடையது, மேலாளருக்கும் சங்கத்துக்கும் எழுதித் தருகிறேன், வேலையும் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். எனக்கே அங்கே நிற்க வெட்கமாக இருந்தது.

அவள் கோபப்பட்டிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக வீடு திரும்பியிருப்போம். அவள் தாளை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"ரெண்டு மாசமா வீட்ல நான் எழுதின அந்தக் கோடத்தான் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தேன். தப்பு எங்கேன்னே பிடிபடல. சரி, நமக்கு இந்த வேலை வராதுன்னு விட்டுட்டு இங்க வந்துட்டேன். நீங்க அளந்தது தப்பா இருக்கும்னு ஒரு தடவைகூட எனக்குத் தோணல சார்."